சித்தப்பாவின் கட்டைவிரல்

என் அப்பா சொன்னது பொய்ச்சாட்சி. போன மாதம் எங்கள் பங்குக் கோயிலில் மூன்று நாள் தியானம் நடந்தது. கடைசி நாள் சாட்சி சொல்லும் நேரத்தில் அவர் மைக்கைப் பிடித்து, "கூடப்பொறந்த தம்பிய ஒரு விபூதிப் புதன்ல நான் மன்னிச்சேன். அன்னைக்கே ஆண்டவர் எனக்குப் புது மனசு குடுத்தாரு" என்றார். கோயிலே கை தட்டியது. முன்வரிசையில் உட்கார்ந்து சித்தப்பாவும் தட்டினார். நான் தட்டவில்லை. நடந்ததைப் பார்த்தவள் நான்.

அப்போது எனக்கு ஆறு வயது. தாத்தா, அப்பாவைப் பெற்றவர், மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். சித்தப்பாதான் கூட இருந்தார். அம்மாவுக்கு நூல் மில்லில் பகல் ஷிப்ட். உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அப்பா மினிலாரி ஓட்டுபவர். அன்று லோடு இல்லை. மத்தியானமே குடித்துவிட்டுப் பாயில் கிடந்தார்.

தலைமாட்டில் அவருடைய போன் அடித்தது. குனிந்து பார்த்தேன். திரையில் தமிழில் பெயர் வந்தது. ஒன்றாம் வகுப்பில் அப்போதுதான் எழுத்துக் கூட்டக் கற்றிருந்தேன். த, ம், பி. தம்பி. படித்துவிட்டேன்! போன் நின்றது. மறுபடி அடித்தது. மறுபடி படித்தேன். அப்பாவின் போனைத் தொட்டால் முதுகு பழுத்துவிடும், அதனால் தொடவில்லை. சாயங்காலம் வரை அது அடிப்பதும் நான் படிப்பதுமாக இருந்தோம். டீச்சர்கூட அவ்வளவு பொறுமையாக எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

பொழுது சாயும்போது அப்பா எழுந்தார். போனைப் பார்த்தார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

ராத்திரி தாத்தாவின் உடலோடு ஆம்புலன்ஸ் தெருவுக்குள் வந்தபோது சனம் கூடியிருந்தது. சித்தப்பா இறங்கினார். "கடைசி வரைக்கும் 'பெரியவன் வந்துட்டானா'ன்னுதான் கேட்டாரு" என்று அழுதார். எல்லாரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா பாய்ந்து தம்பியின் சட்டையைப் பிடித்தார்.

"ஏன்டா எனக்குச் சொல்லல?"

சித்தப்பா அண்ணன் முகத்தைப் பார்த்தார். சாராய வாடை அவருக்கு அடித்திருக்கும். பிறகு தெருவைப் பார்த்தார்.

"மறந்துட்டேண்ணே."

அவ்வளவுதான். மூன்று வருடம் பேச்சு வார்த்தை கிடையாது. அப்பன் சாகக் கிடக்கையில் அண்ணனுக்குச் சொல்ல மறந்தவன் என்று தெருவே சித்தப்பாவைப் பேசியது. பத்து வீடு தள்ளியிருந்த அவரது பஞ்சர் கடையைக் கடக்கும்போது அப்பா எதிர்ப்பக்கம் பார்ப்பார். பூசையில் பக்கத்தில் நிற்பவருக்குச் சமாதானம் சொல்லும் நேரத்தில் இருவரும் ஆளுக்கொரு தூணுக்குச் சமாதானம் சொன்னார்கள்.

எனக்கு ஒன்பது வயதான வருடத்து விபூதிப் புதன், தவக்காலம் தொடங்கும் அன்று நெற்றியில் சாம்பல் பூசும் நாள். அந்தச் சாம்பலுக்காகப் போன வருடக் குருத்தோலைகளை வீடு வீடாக வாங்கி வந்து கொடுப்பது மறைக்கல்விப் பிள்ளைகளான எங்கள் வேலை. கோயில் பின்பக்கம் எண்ணெய் டின்னில் போட்டு சிஸ்டர் கொளுத்தினார். எங்கள் வீட்டு ஓலையும் சித்தப்பா வீட்டு ஓலையும் ஒன்றாகச் சுருண்டு எரிந்தன. துணியில் சலித்த சாம்பலில் எது யார் வீட்டுடையது என்று தேடிப் பார்த்தேன். தெரியவில்லை. ஏனோ பயமாக இருந்தது.

பூசையில் பங்குச் சாமியாருக்கு உதவியாக உபதேசியார் சாம்பல் பூச வேண்டும். அவருக்குக் காய்ச்சல். புதிதாக வந்த சாமிக்கு எங்கள் வீட்டுக் கதை தெரியாது. முன்னால் நின்ற சித்தப்பாவைக் கூப்பிட்டுத் தட்டைக் கையில் கொடுத்துவிட்டார். டயரோடு மல்லுக்கட்டிக் கறுத்த கட்டைவிரல் அவருக்கு.

"ஏப்பு, அது சாம்பலா கிரீஸா?" என்றாள் வரிசையில் நின்ற ஒரு கிழவி.

"ரெண்டும் போகாது ஆத்தா, நில்லு" என்று சொல்லிப் பூசினார். அவள் பின்னால் நின்றவர்கள் முந்தானைக்குள் சிரித்தார்கள்.

நாங்கள் சாமியின் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் நாலு பேர் இருக்கும்போது சாமியின் தட்டு காலியானது. "இந்த வரிசையும் அங்க போங்க" என்று கை காட்டிவிட்டார். அப்பா என் கையைப் பிடித்திருந்தார். வரிசையை விட்டு ஓடினால் ஊர் பார்க்கும். நகர்ந்தோம்.

அப்பா தம்பியின் முன்னால் போய் நின்றார். சித்தப்பாவின் விரல் சாம்பலில் அப்படியே நின்றது. பாடல் குழுவும் பாட்டை விட்டுவிட்டுப் பார்த்தது. அதுவரை எல்லாருக்கும் 'மனிதனே, நீ மண்ணாய் இருக்கிறாய்' என்றுதான் அவர் சொல்லி வந்தார். மூன்று வருடம் பேசாத அண்ணனிடம் முதல் பேச்சே அதுவா என்று சித்தப்பாவின் வாயையே பார்த்தேன்.

சித்தப்பா விரலை எடுத்தார். அப்பாவின் நெற்றியில் வைத்தார்.

"அண்ணே, நீயும் மண்ணு, நானும் மண்ணு" என்றார்.

ஜெபத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டார், சாமி திட்டப்போகிறார் என்று நினைத்தேன். சாமி திட்டவில்லை. தலை குனிந்து நின்றார். அப்பா என் கையை உதறிவிட்டுத் தொப்பென்று முழங்காலில் விழுந்தார். தம்பியின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, மாடு கத்துவதுபோல் அழுதார். நான் அதற்கு முன்னும் பின்னும் ஓர் ஆண்பிள்ளை அப்படி அழுது கேட்டதில்லை. சித்தப்பாவின் ஒரு கையில் தட்டு. மறு கை அண்ணனின் பிடரியில். ஆறடி ஆளான என் அப்பா என்னைவிடக் குட்டையாகத் தெரிந்தார். பீடத்திலிருந்து எதுவோ இறங்கி வந்து அவர்கள் மேல் நிற்கிறது என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். எனக்குக் கடவுள் இருக்கிறார் என்று தெரியும் என்றால் அந்த ஒரு நிமிடத்தால்தான்.

எழுந்தபோது சித்தப்பாவின் வெள்ளைச் சட்டையில் அப்பாவின் நெற்றிச் சாம்பல் கறுப்பாக அப்பியிருந்தது.

வெளியே வந்ததும் தெரு சூழ்ந்துகொண்டது. "அண்ணன்னா நீதான்யா. அம்புட்டுப் பெரிய தப்ப மன்னிச்சுட்டியே!" அப்பா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பிறகு ஆமாம் என்று தலையை ஆட்டினார். சித்தப்பா பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி நான், சித்தப்பாவை அப்பா மன்னித்ததற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டுத் தூங்கினேன்.

போன மாதம் தியானம் முடிந்த மறுநாள் பஞ்சர் கடைக்குப் போய், "அன்னைக்கு எத்தன தடவ போன் போட்டீங்க சித்தப்பா?" என்று கேட்டேன். அவர் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தார்.

"விடு தாயி. ஓட்டைய ஒட்டியாச்சு. ஊரக் கூட்டிக் காட்டணுமாக்கும்?"

ஒட்டியது அவர். காற்றடித்துக்கொண்டு ஓடுவது அப்பா.

மன்னித்தவர் நிற்பார், மன்னிப்பு வாங்கியவர்தான் முழங்காலில் விழுவார் என்று ஒன்பது வயதில் எனக்குப் புரியவில்லை. ஆறு வயதில், தாத்தாவின் கடைசி மூச்சைத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன் என்பதும் புரியவில்லை. எனக்குப் புரியாததற்கு வயது காரணம். உங்களுக்கு என்ன காரணம், அப்பா?

வருகிற விபூதிப் புதனன்று அதே மைக் இருக்கும். அதே சனம் இருக்கும். உங்கள் தம்பியும் முன்வரிசையில் இருப்பார். அன்று மத்தியானம் உங்கள் போன் அடித்ததா, இல்லையா? கோயில் நடுவில் நின்று, எல்லார் காதிலும் விழும்படி பதில் சொல்லுங்கள்.