ரெஜினா அக்காவின் ராணுவ நோட்டுகள்

ரெஜினா அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, அவர் எழுதிய கடைசி அத்தியாயத்தை வைத்துக்கொள்வதா தூக்குவதா என்று பெங்களூரு ஆடுகோடி அலுவலகத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். மாரடைப்பு. பிரேசர் டவுன் வீட்டிலேயே போய்விட்டாராம். மேலாளர் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். கூட்டம் அப்படியே நின்றது. முடிவை இன்றுவரை எடுக்கவில்லை.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குச் சுருக்கமாக: நாங்கள் கணினி விளையாட்டு செய்கிறவர்கள். ஒரு படை ஒரு துறைமுக ஊரைப் பிடிக்கிறது. தன் நோட்டை அச்சடித்து, அது ஊர்ப் பணத்துக்குச் சமம் என்று அறிவிக்கிறது. ஆடுபவர்தான் தளபதி. வரலாறு அக்காவுடையது, நிரல் என்னுடையது.

தொடக்கத்திலேயே மோதல். மாற்று விகிதத்துக்கு என்ன சூத்திரம் என்று கேட்டேன்.

"சூத்திரமா? மலாயாவுல ஜப்பான்காரன் வந்தப்ப, உங்க டாலரும் என் டாலரும் ஒண்ணுக்கு ஒண்ணுன்னான். அவ்ளோதான். வாங்கமாட்டேன்னா அடி. இதுல எங்கப்பா சூத்திரம்?"

எனக்கு எரிச்சல். அடியை நிரலில் எப்படி எழுதுவது?

எழுதினேன். சோதனைக்கு ஆடியவர்கள் எல்லோரும் சுலபமாக ஜெயித்தார்கள். நோட்டை அடி, அரிசியை வாங்கு, போதவில்லையா, இன்னும் அடி. எல்லோருக்கும் குஷி. "இவ்ளோ ஜாலியாவா இருக்கு?" என்று அக்கா மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்.

மறுநாள் தாளில் நோட்டு அச்சடித்துக்கொண்டு வந்தார். சோதனை சாப்பாட்டு அறையில். அவர் படை, நாங்கள் ஊர். அவர் நோட்டுக்கு எங்கள் டிபன் பாக்ஸை விற்க வேண்டும். விளையாட்டுதானே, விற்றோம். சோதனைப் பிரிவு மஞ்சுநாத், மனைவி செய்துகொடுத்த போளியை விற்றுவிட்டு, நோட்டுக்கட்டால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் சாப்பாட்டையெல்லாம் அக்கா வாசல் காவலாளிகளுக்குக் கொடுத்தனுப்பினார். போளியை மட்டும் மஞ்சுவின் எதிரிலேயே உட்கார்ந்து தின்றார். கையைத் துடைத்துக்கொண்டு, "படை கிளம்பிடுச்சு. உங்க நோட்டு இனி செல்லாது" என்றார்.

"ஏன் மேடம், நிஜமாவே தின்னுட்டீங்களா?"

"படை திருப்பிக் குடுக்காது மஞ்சு."

"பேடா மேடம்" என்று கன்னடத்தில் ஆரம்பித்தார். "இந்த தமாஷெல்லாம் வேணாம். எனக்குப் பசிக்குது."

மஞ்சு சிரிப்பார் என்று பார்த்தோம். சிரிக்கவில்லை. அப்புறம் பல நாள் அக்கா இருக்கும் மேசைக்கே அவர் வரவில்லை. அக்கா மன்னிப்புக் கேட்டார். ஆனால் என்னிடம், "நம்ம பண்ணின டெஸ்ட்லயே இது ஒண்ணுதான் கரெக்டா வந்துச்சு" என்றார். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஒரு மனிதரைப் புண்படுத்திவிட்டுச் சரியாக வந்தது என்பதா? இறந்துவிட்டார் என்பதற்காக இதை மறைக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு எழுதியதுதான் அந்தக் கடைசி அத்தியாயம். தளபதியாக ஜெயித்தவர், அதே ஊரின் மளிகைக்கடைக்காரராக மறுபடி ஆட வேண்டும். நோட்டை வாங்கினால் கடை காலி. மறுத்தால் சிறை. சரக்கைப் பதுக்கினால் தெருவே பட்டினி. ஜெயிக்க வழியில்லை.

"தோக்கறதுக்கு எவன்க்கா காசு குடுப்பான்?" என்றேன். மேலாளரும் அதையே கேட்டார். தப்பிக்க ஒரு வழியாவது வைக்கச் சொன்னார்.

"கடைக்காரர் என்ன பண்ணா தப்பிப்பாரு? நீங்க சொல்லுங்க, கோட் பண்றேன்" என்றேன் அக்காவிடம்.

எதற்கும் பதில் வைத்திருப்பவர் கண்ணாடியைக் கழற்றினார். "தெரியலப்பா. நானும் தேடிட்டேன். உனக்குத் தெரிஞ்சா சொல்லேன்."

இப்போது மேலாளர், முகப்பில் அக்கா பெயரைப் போட்டுவிட்டு அத்தியாயத்தை எடுத்துவிடலாம் என்கிறார். இல்லையென்றால் ஒரு வழி வை என்கிறார். நானும் தேடினேன். பழைய பணத்துக்குக் கள்ளத்தனமாக விற்கவைத்தேன்; யாரோ காட்டிக்கொடுத்தார்கள். ராணுவ நோட்டை வாங்கின உடனே செலவழிக்கவைத்தேன். இவர் தப்பித்தார், நோட்டு அடுத்த கடைக்காரர் தலையில் விழுந்தது.

பொய்யாக ஒரு வழி வைப்பது எனக்கு ஒரு டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. வைக்க மாட்டேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தத் "தெரியலப்பா" ஒன்றைத்தான். அதை அழிக்க மேலாளர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும்.