இங்கிலாந்துச் சாப்பாடும் என் சகலனும்

ஹம்பேர்க்கில் மழைக்குள் குடையைப் பிடித்துக்கொண்டு ஜெர்மன்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஆங்கிலேயரின் சாப்பாட்டுக்காக. ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்கு இதிலுள்ள அதிசயம் விளங்காது. நான் வந்த காலத்தில் இந்த நாட்டவர்கள் இங்கிலாந்துச் சமையலைப் பற்றிச் சொல்லாத பகிடி இல்லை. வேலைத்தலத்துக் கன்ரீனில் கிழங்கு கொஞ்சம் கூடுதலாக அவிந்துவிட்டால் போதும், லண்டனிலிருந்து சமையல்காரனைப் பிடித்து வந்துவிட்டார்களோ என்று கேட்பார்கள். அந்தப் பகிடிகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி வைத்தேன். லண்டனில் எனக்கொரு சகலன் இருக்கிறார்.

சகலன் சிவபாலன் என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். அகதியாக வந்த புதிதில் இருவரும் ஒரே ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினோம். இந்த நாட்டில் நாலாம் வகுப்பு முடியும்போதே பிள்ளை கிம்னாசியம் என்ற மேற்படிப்புப் பள்ளிக்குப் போகுமா, பல்கலைக்கழகம் பார்க்குமா என்று பிரித்துவிடுவார்கள். அதற்குப் பயந்து எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் பெட்டி கட்டி இங்கிலாந்துக்குப் போயின. அவரும் போனார். போகிற அன்று என் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவியபடி சொன்னார்: "இந்த நாட்டிலை விட்டா எங்கட பிள்ளையளும் குசினியிலைதான் நிக்குங்கள், தம்பி. நான் என்ர பிள்ளையை இங்கிலீசிலை படிப்பிக்கப் போறன்." என் மகள் ஆரணி அப்போது பக்கத்தில் நின்று அவருக்குத் துவாய் கொடுத்தாள்.

அவளைக் கிம்னாசியத்துக்கு எடுக்கவில்லை. பிறகு சமையலில் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்யப்போவதாக அவளே சொன்னாள். அவள் விரும்பித் தெரிந்தெடுத்தது. எனக்கு அதில் குறையில்லை. ஆனால் சகலன் தொலைபேசி எடுத்தார். "குசினியோ? நான் அப்பவே சொன்னனான் எல்லே." அந்தக் குரலில் இருந்த சந்தோசத்தை நான் மறக்கவில்லை, மறக்கப்போவதுமில்லை. அவருடைய மகனுக்கு வங்கியில் பெரிய வேலை. எனக்குத் திருப்பி அடிக்கக் கையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். கலியாண வீடோ செத்த வீடோ, அவரைக் கண்டால் நாலு பேர் கேட்கத் தொடங்குவேன்: "அண்ணை, உங்கட நாட்டிலை என்னத்தைச் சாப்பிடுறியள்? அவிச்ச பட்டாணியோ?" எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார், ஆனால் முகம் கறுக்கும். எனக்கு அது போதும்.

பிறகு காலம் எனக்கு வஞ்சகம் செய்தது. என்னோடு வேலை செய்கிறவர்கள் சாப்பிடுவதற்கென்றே லண்டனுக்குப் போய்வந்து படம் காட்டினார்கள். துறைமுகத்துப் பக்கம் ஓர் ஆங்கிலேயன் உணவகம் திறந்தான். அங்கே வேலைக்குச் சேர்ந்தவள் யார்? என் மகள். சகலன் உடனே தொலைபேசி எடுத்தார். "கடைசியிலை பிள்ளை எங்கட பக்கம்தான் வந்திருக்கிறாள். இப்ப உலகத்திலையே எங்கட சாப்பாடுதான் திறம், தெரியுமோ?"

எங்கட சாப்பாடாம். இத்தனை வருடத்தில் அந்த மனிதர் ஓர் ஆங்கில உணவகத்தின் வாசற்படி மிதித்ததில்லை என்பது எனக்குத் தெரியும். வீட்டில் சோறும் புட்டும், வெளியே போனால் தமிழ்க் கடையில் கொத்துரொட்டி. ஆகவே போன மாதம் ஒரு கலியாணத்துக்கு அவர் இங்கே வந்தபோது, மரியாதையாக, மகள் வேலை செய்கிற இடத்துக்கே அழைத்துப் போனேன். பழிவாங்க இதைவிட நல்ல மேசை கிடைக்காது.

ஆட்டிறைச்சியை மாவால் மூடிச் சுட்ட ஒன்று வந்தது. நடுவில் முழு எலும்பு ஒன்று மேலே நீட்டிக்கொண்டு நின்றது. சகலன் முள்ளுக்கரண்டியைத் தூக்கினார், வைத்தார், எலும்பைத் தொட்டுப் பார்த்தார்.

"உங்கட நாட்டுச் சாப்பாடுதானே அண்ணை. எப்பிடிச் சாப்பிடுறதெண்டு காட்டுங்கோ."

அவர் சுற்றிவரப் பார்த்தார். பிறகு கோட்டுப் பைக்குள்ளிருந்து சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்து, வீட்டில் இடித்த மிளகாய்க் கட்டைத்தூளை மேலே தூவினார். "உறைப்பில்லாமல் எனக்கு ஏலாது," என்றார் மெல்ல. என் நெஞ்சு குளிர்ந்தது. அந்த ஒரு நிமிடத்துக்காக நான் எவ்வளவோ காத்திருந்தேன்.

அப்போதுதான் ஒரு வாய் வைத்தேன். இறைச்சி பஞ்சாக இருந்தது. மேலே மூடியிருந்த மாவு வாயில் நொறுங்கியது. குசினியின் திறந்த சாளரத்துக்கு அப்பால் ஆரணி குனிந்து நின்று இதே எலும்பை அடுத்த தட்டில் நட்டுக்கொண்டிருந்தாள். இவளையா கிம்னாசியத்துக்குப் போதாது என்றார்கள்?

பக்கத்து மேசையில் வயதான ஜெர்மன்காரர் ஒருவர் தட்டைத் தள்ளிவிட்டு மனைவியிடம் சத்தமாகச் சொன்னார்: "சமைக்கத் தெரியாதவர்களையெல்லாம் இங்கிலாந்து இங்கே ஏற்றுமதி செய்கிறது போல."

நான் எழுந்துவிட்டேன். "சாப்பாட்டில் ஒரு பிழையுமில்லை. பிழை உங்கள் நாக்கில்," என்றேன் சுத்தமான ஜெர்மனில்.

அவர் திடுக்கிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு முகம் இளகியது. "மன்னிக்கவேண்டும். நீங்கள் இங்கிலாந்துக்காரர் என்று எனக்குத் தெரியாது. அப்படித்தானே?"

என் சட்டைப் பைக்குள் ஜெர்மன் அடையாள அட்டை இருந்தது. அசல் பிரித்தானியப் பிரஜை எனக்கு முன்னால் இருந்தார். சமைத்தது என் மகள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அதுதானே பார்த்தேன், சமைத்தது இந்தியர்களா என்று தலையாட்டுவார். தான் சொன்னதே சரி என்று எண்ணுவார். அந்த ஜெர்மன்காரரை அப்படி வெல்லவிட என்னால் முடியவில்லை.

"யா," என்றேன். "இங்கிலாந்துதான்."

சகலனுக்கு ஜெர்மன் இன்னும் மறக்கவில்லை. அவருடைய கரண்டி நின்றுவிட்டதை திரும்பாமலே உணர்ந்தேன். நான் உட்கார்ந்து, என் தட்டை முடித்தேன். பிறகு அவருடைய தட்டையும் என் பக்கம் இழுத்து, கட்டைத்தூள் படாத ஓரத்திலிருந்து சாப்பிடத் தொடங்கினேன்.