கருத்த விரல்

எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தயங்கி, முருகனை வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

கள்ளக்குறிச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது ஒரு மாணவியைப் பார்த்தேன். மலைமேல் இருக்கும் கரியாலூரைச் சேர்ந்த ஒல்லியான பெண், பயோமெடிக்கல் இன்ஜினியரிங் படிப்பவள். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கிளிப்பை, கருத்த கைகளாகத் தேடி, கேட்டுக்கேட்டு விரலில் மாட்டிப் பார்த்தாள். என் விரலிலும் மாட்டினாள்.

"இன்னா பாப்பா, செவத்த கையெல்லாம் கசக்குதா?" என்றேன்.

"எங்கம்மா உங்க நெறங்க ஐயா. மூச்சு முட்டிக்கினு வந்தாங்க. இந்த மிஷின்ல நல்லாயிருக்குன்னு காட்டுச்சு, வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. மலையேறும்போதே உசுரு பூடுச்சு. கருப்புத் தோல்ல அது சிலநேரம் ஆக்சிஜன ஜாஸ்தியா காட்டுங்க. அதத்தான் ஆராய்ச்சி பண்றேன்."

கிளிப்பைக் கழற்றிய பிறகும் அவள் என் விரலை விடவில்லை.

இன்றும் சாமி கும்பிடக் கை கூப்பினால் அந்தப் பிடி தெரிகிறது. இதைப் பிறருக்குச் சொல்கிறவர்கள் உள்ளபடியே சொல்லுங்கள். அந்த மிஷினைப் போல ஜாஸ்தியாகக் காட்டவேண்டாம்.