புகை மணம் பற்றிய நான்கு குறிப்புகள்

முதல் போத்தல் வந்தபோது நண்பர் அதை உடனே திறக்கவில்லை. இரண்டு நாள் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அரியாலையில் எங்கள் இரு வீடுகளுக்கும் நடுவே ஒரு வேலிதான். அவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். நான் முப்பது வருடம் பத்திரிகையில் மற்றவர்கள் எழுதியதைத் திருத்தியவன்.

ஸ்கொட்லாந்தில் இருக்கும் அவருடைய ஒரே மகன், ஊருக்கு வந்த ஒருவரிடம் அதைக் கொடுத்துவிட்டிருந்தான். மேற்குத் தீவொன்றில் வடித்த சிங்கிள் மால்ட் விஸ்கி. அங்கே சதுப்பு நிலத்தில் பீட் என்ற கரிய மண்ணை வெட்டிக் காயவைத்து, அதை எரித்த புகையில் முளைவிட்ட வாற்கோதுமையை உலர்த்துவார்கள். எத்தனை வருடம் பீப்பாவில் கிடந்தாலும் அந்தப் புகை போகாது. இதைக் கொஞ்சப் போத்தல்களில்தான் அடைத்திருந்தார்கள். குலுக்கலில் பெயர் விழுந்தால்தான் வாங்கலாம். லேபிளில் போத்தலின் இலக்கத்தைக் கையால் எழுதியிருந்தார்கள்.

நண்பர் ஒரு மிடறு குடித்தார். கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஐசே, ஆசுபத்திரியிலை காயத்துக்குக் கட்டின துணியை அவிச்ச மாதிரி இருக்கு."

"கொஞ்சம் தண்ணி விட்டுப் பாரும்."

"தண்ணி விட்டால் துணி நனையும். அவ்வளவுதான்."

அவருடைய மனைவி வந்து, அவர் கிளாஸில் மிஞ்சியதை என் கிளாஸில் ஊற்றிவிட்டு, அவருக்குத் தேத்தண்ணி வைத்தார்.

எனக்குப் பிடித்திருந்தது. சரியாகச் சொன்னால், அந்த மணம் எனக்கு முன்பே தெரியும். புத்தூரில் என் தகப்பனார் புகையிலை செய்தவர். குடிலுக்குள் இலைகளைக் கட்டித் தொங்கவிட்டு, கீழே தென்னம் பொச்சும் பனங்கொட்டையின் காய்ந்த ஊமலும் போட்டுப் புகை பிடிப்பார். பத்து வயதில் அந்தப் புகைக்குள் கண் எரிய நின்றிருக்கிறேன்.

"எப்பிடி இருந்தது எண்டு கேட்டு மெசேஜ் போட்டிருக்கிறான்," என்றார் நண்பர். "எனக்கு 'நல்லம்' எண்டதுக்கு மேலை ஒண்டும் வராது. நீர் பேப்பர்காரன்தானே, ரெண்டு வரி அடிச்சுவிடும்."

"பிடிக்கேல்லை எண்டு சொல்லுமன்."

"அவன் பாவம். பேர் விழுமோ எண்டு காத்திருந்து வாங்கியிருக்கிறான்."

அவருடைய தொலைபேசியில் ஆறு வரி அடித்தேன். முதலில் டிங்சர் மணம். பிறகு வற்றுக் கடலின் சேறு. நாலு துளி தண்ணீர் விட்டதும் ஊமல் புகை. கடைசியில் நாக்கின் ஓரத்தில் உப்பு. புத்தூர்க் குடிலில் நின்றதையும் சேர்த்தேன். யாருடைய குடில் என்று எழுதவில்லை. செய்தியில் வேறொருவர் அப்படி ஓட்டை விட்டிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

பதில் உடனே வந்தது. "அப்பா, நீங்கள் இப்பிடி எழுதுவீங்கள் எண்டு எனக்குத் தெரியாது."

நண்பர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுத் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

வருடத்துக்கு ஒன்றாக இன்னும் மூன்று போத்தல்கள் வந்தன. ஒன்று முன்பு ஷெரி என்ற வைன் இருந்த பீப்பாவில் கிடந்தது. புகைக்கு அடியில் திராட்சை வற்றலின் இனிப்பு. மற்றொன்றைத் தண்ணீர் கலக்காமல் பீப்பாவின் வீரியத்தோடே அடைத்திருந்தார்கள். வாசனை பிடிக்க மூக்கைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. கடைசியாக வந்தது மிகப் பழையது. அதில் புகை அணைந்து சாம்பல்தான் மிஞ்சியிருந்தது. எல்லாவற்றையும் நான்தான் குடித்தேன், நான்தான் எழுதினேன். அனுப்பும் பொத்தானை மட்டும் அவர் தானே அமத்துவார்.

இந்த வருடம் ஒரு காலை அவர் கிணற்றடியில் விழுந்தார். மாரடைப்பு. மகன் வந்துதான் கொள்ளி வைத்தான்.

முப்பத்தோராம் நாள் வருபவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தைக் கல்வெட்டு என்போம். எங்கள் ஒழுங்கையில் யார் செத்தாலும் அதைத் தொகுக்கும் வேலை என்னிடம்தான் வரும். படம், வாழ்க்கைக் குறிப்பு, தேவாரம், நன்றி. மகன் தன் தொலைபேசியை நீட்டினான்.

"இதுகளும் வரவேணும், அங்கிள். 'அப்பா எழுதியவை' எண்டு தலைப்புப் போடுங்கோ."

நாலு குறிப்புகள். தொலைபேசியை வாங்கி மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தேன்.

நண்பரின் மைத்துனர் எட்டிப் பார்த்தார். "தேவாரத்துக்குப் பக்கத்திலை விஸ்கியோ? சனம் சிரிக்கும். பேப்பரிலை இருந்தனீங்கள், நீங்கள் சொல்லுங்கோ அண்ணை."

வழி திறந்து கிடந்தது. பொருந்தாது என்று ஒரு சொல் போதும். இதைவிட நல்ல எழுத்துகளை அந்த ஒரு சொல்லால் தள்ளியிருக்கிறேன்.

"மாமா," என்றான் மகன், "அப்பா போனிலை கதைக்கிறது என்னெண்டு தெரியுமோ? சாப்பிட்டியோ, குளிரோ, சரி வைக்கிறன். இருவது வருசமா அவ்வளவுதான். அவர் என்னோடை கதைச்சது இந்த நாலிலையும்தான். வேலைக்குப் போற ரயிலிலை வாசிக்கிறனான். பாடம்."

பிறகு இரண்டாவது குறிப்பைப் பாராமல் சொன்னான். ஒரு சொல்லும் பிசகவில்லை.

"போடலாம்," என்றேன்.

பின்னேரம் வேலியடியில் அவன் தனியாக நின்றபோது கிட்டப் போனேன்.

"தம்பி, ஒரு விஷயம்."

"சொல்லுங்கோ, அங்கிள்."

அவன் முகத்தைப் பார்த்தேன். "எழுத்து எவ்வளவு பெரிசாப் போடுறது?" என்று கேட்டேன்.

"வயசு போன ஆக்களும் வாசிக்கக்கூடிய மாதிரி," என்றான்.

அச்சுப்படி வந்த அன்று அவன் தாயிடம் கேட்டான். "அம்மா, அப்பா கொடிகாமத்துக்காரர். அவர் எப்பிடிப் புத்தூரிலை புகையிலைக் குடிலுக்கை நிண்டவர்?"

அவர் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பள்ளிக்கூட லீவுக்குப் போய் நிண்டவர். இடம் அண்ணைக்குத் தெரியும், கூட்டிக்கொண்டு போவார்," என்று சொல்லிவிட்டு அடுத்த காயை எடுத்தார்.

மறுநாள் புத்தூர் போனோம். தகப்பனாரின் தோட்டம் இப்போது குத்தகையில் இருக்கிறது. வெங்காயம் வைத்திருந்தார்கள். குடில் நின்ற மூலையைக் காட்டினேன். கிழக்கு வரப்பிலிருந்து எட்டடி, கிணற்றுக்கு நேரே. அதில் பிழையில்லை.

"அப்பாக்கு அப்ப எத்தினை வயசு?"

"பத்து, பதினொண்டு."

"பயந்தவரோ உள்ளை?"

"முதல் நாள் அழுதவர்," என்றேன். அழுதது நான்.

அவன் நன்றாகச் சிரித்தான். வந்ததிலிருந்து அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். பிறகு அந்த மூலையைப் படம் எடுத்தான்.

"கீழை ஒரு வரி எழுதித் தாங்கோ, அங்கிள். உங்களுக்குத்தானே அது வரும்."

காரின் முன்பக்கத்தில் தாளை வைத்து எழுதினேன்: 'சிறுவயதில் அப்பா விடுமுறைக்கு வந்து நின்ற தோட்டம், புத்தூர்.' யார், எப்போது, எங்கே, எல்லாம் இருந்தது.

முப்பத்தோராம் நாள் காலை, சனம் வரமுன்னர், நண்பரின் மனைவி கட்டுப் பிரித்து முதல் பிரதியை என்னிடம் தந்தார். புத்தூர்ப் படம் ஒரு முழுப் பக்கம். மகன் பந்தலில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"பிழை ஏதும் இருக்கோ பாருங்கோ, அண்ணை," என்றார்.

கடைசிப் பக்கம் வரை பார்த்தேன். இல்லை என்றேன். அவர் மிச்சப் பிரதிகளைத் தட்டில் அடுக்கத் தொடங்கினார்.