ஊசிக்கு முன் ஒரு ஜெபம்

ஜெபம் செய்கிறவர்களுக்கு ஊசி வலிக்காது என்று நம்பிய முட்டாள் நான். ஓசூர் ஆஸ்பத்திரியில் எனக்கு அன்று முதல் டயாலிசிஸ். துணைக்கு யாருமில்லை. தப்பியோட வசதியாக ஒரு காலைத் தரையிலேயே வைத்துக் கட்டிலில் கிடந்தேன்.

பக்கத்துக் கட்டில்காரரும் தனியாகத்தான் வந்திருந்தார். வெளுத்துப்போன கம்பெனிச் சட்டை. ஊசி வாங்கி வாங்கிப் புடைத்த கை. நர்ஸ் நெருங்கியதும் கண்ணை மூடி ஜெபித்தார். ஊசி இறங்கியது.

"ஐயோ, ஏசப்பா!" என்று அலறினார்.

தரையிலிருந்த காலை இன்னும் அழுத்தி ஊன்றிக்கொண்டு கேட்டேன்: "என்னங்கண்ணா, ஜெபம் பண்ணியுமா வலிக்குது?"

"வலிக்கக் கூடாதுன்னு யாரு தம்பி கேட்டா? எழுந்து ஓடிறக் கூடாதுன்னுதான் கேட்டேன். எனக்கேது அவ்ளோ தெம்பு? அவருதான் புடிச்சிப் படுக்க வெக்கிறாரு." கண்ணீரோடு சிரித்தார். "நீ மொதல்ல அந்தக் காலைத் தூக்கி மேல வை."

நர்ஸ் என் பக்கம் திரும்பினார். கையை நீட்டினேன். அந்த அண்ணனைவிடச் சத்தமாக அலறினேன். ஆனால் ஓடவில்லை.