இட்லித் தட்டில் நட்டும் போல்ட்டும்

பெட்டியைப் பிரித்ததும் அடித்த புது கிரீஸ் வாசனை இன்னும் மூக்கிலேயே நிற்கிறது...

2004. வீரபாண்டியில் எங்கள் மகளிர் குழுவுக்கு மிளகாய் அரைக்கும் மெஷின் வந்திருந்தது. முழுசாக அல்ல, பாகம் பாகமாக.

"கிட்டா வாங்குனா வெல கம்மி, நாமளே மாட்டிக்கிரலாம்" என்று எல்லோரையும் சம்மதிக்க வைத்தவள் நான்தான். டிகிரி முடித்த திமிர்! மெஷின் ஓடாவிட்டால் என் பேச்சை இனி ஒருத்தியும் மதிக்கமாட்டாள்.

புது மெஷினுக்குப் பூசை போடாமல் இருப்போமா? வெள்ளிக்கிழமை ஒரு பாகம் விடாமல் சந்தனம், குங்குமம் வைத்தோம். மறுநாள்தான் பூட்ட ஆரம்பித்தோம்.

நான் மெஷினோடு வந்த இங்கிலீஷ் விளக்கப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். குழுவில் அதிகம் பேசாத பாண்டியம்மாள் அக்கா, வீட்டுக்குப் போய் இட்லித் தட்டுகளை எடுத்துவந்தார். ஒரு குழிக்கு ஓர் அளவு போல்ட்டு, அதற்குரிய நட்டு, வாஷர். ஒன்றுகூடத் தொலையவில்லை!

"எதையும் இப்பவே இறுக்காதீக. கையால திருகி விடுங்க. எல்லாம் உக்காந்த பெறகு ஸ்பேனர் போடுவோம்."

வீட்டில் கிரைண்டர் மக்கர் செய்தால் அவரே கழற்றி மாட்டுவாராம். எங்களுக்குத் தெரியவே தெரியாது.

கடைசியில் பெல்ட் மாட்டும் சக்கரமான புல்லி, மெஷினின் ஷாஃப்ட் தண்டில் ஏறவில்லை. தள்ளினோம், தட்டினோம்... ம்ஹூம்.

"வேற சைஸ அனுப்பிட்டாய்ங்க" என்றேன். அழுகை முட்டியது.

அக்கா ஷாஃப்டைத் தடவிப் பார்த்து, விரலை மோந்தார்.

"அடியேய்... சந்தனம் காஞ்சு கெட்டியாயிருச்சுடி!"

மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்ததும் புல்லி வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. பிறகு பூக்கட்டும் நூலை மோட்டார் புல்லி, மெஷின் புல்லி இரண்டின் மேலும் இழுத்துப் பிடித்தார். இரண்டும் நூலோடு ஒட்டி நின்றால்தான் பெல்ட் கழலாதாம்.

ஆத்தாடி! என் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அதே படம். அக்கா அந்தப் புத்தகத்தைத் தொடக்கூட இல்லை. வாயைப் பிளந்து நின்றேன்.

சுவிட்சைப் போட்டேன். ஓடியது! மிளகாய் நெடியில் எல்லோரும் தும்மித் தீர்த்தோம். என் கண்ணில் வந்த தண்ணீர் நெடியால் மட்டும் வந்ததல்ல.

"இப்ப வைடி பொட்டு" என்றார் அக்கா.

போன வாரம் மகளுக்குப் படிக்கிற மேஜை ஒன்று கிட்டாக வந்தது. போனில் வீடியோவை ஓடவிட்டு அவளே பூட்ட உட்கார்ந்தாள். இப்போது எல்லாவற்றுக்கும் வீடியோ இருக்கிறது... நல்லதுதான். நான் அக்காவைப் பார்த்து வாயைப் பிளந்த மாதிரி, இவள் பார்த்துப் பிளக்கத்தான் பக்கத்தில் ஓர் ஆள் இல்லை.

போய் இட்லித் தட்டை எடுத்துவந்து அவள் பக்கத்தில் வைத்தேன்.

"என்னம்மா இது?"

"பாண்டியம்மா பெரியம்மாவோட டூல்ஸ் பாக்ஸ்" என்றேன்.

குங்குமச் சிமிழை மட்டும் எடுக்கவில்லை. முதலில் மேஜை நிற்கட்டும்.