கொள்ளுக்காட்டில் கை தட்டியது நான்தான்

பத்மா போய்விட்டாளாம். காலை ஆறு மணிக்கு அவள் மகள் போன் செய்தாள்... பத்து மணிக்கு எடுக்கிறார்கள்.

"உன் வாசப்படி மிதிச்சா நான் பொம்பளையே இல்ல" என்று அவளிடம் சொன்னவள் நான். இத்தனை வருஷம் மிதிக்கவும் இல்லை. இப்போது ஹாலுக்கும் கேட்டுக்கும் நடந்துகொண்டே இதைப் போனில் எழுதுகிறேன். உட்கார முடியவில்லை.

இரண்டு பேரும் விஜயநகரில் அடுத்தடுத்த வீடுகளில் சமையல் செய்தவர்கள். அவள் வேலை செய்த வீட்டு சார் பறவை பார்க்கிறவர். புதுசு வாங்கியதும் பழைய பைனாகுலரை இவளுக்குக் கொடுத்துவிட்டார். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம்.

கீழே குக்கர் ஐந்தாவது விசில் அடிக்கும். இவள் மொட்டை மாடியில் மைனாவோடு இருப்பாள். சாதம் குழைந்த பழியை ஒருநாள் என் மேல் போட்டாள், நான் பேச்சுக் கொடுத்தேனாம். அதுவும் ஞாபகம் இருக்கிறது.

தொண்ணூற்றேழு மார்கழி, ஞாயிற்றுக்கிழமை. "இமயமலைக்கு அந்தாண்ட இருந்து வாத்து வருதுடி. உனக்குக் காட்டாம எனக்குத் தூக்கம் வரல" என்று முதல் பஸ்ஸில் இழுத்துக்கொண்டு போனாள்.

ஊருக்கு வெளியே, ஏரியை ஒட்டிய வயல்கள். பனியில் என் கால் விரலே எனக்குத் தெரியவில்லை. வரப்பில் குந்தினோம்.

"கால் மரத்துப் போச்சு பத்மா."

"சும்னே இருடி. மூச்சு விடாத."

"மூச்சு விடாம செத்தா நீதான் தூக்கிட்டுப் போவணும்."

"வாத்து பாத்துட்டு தூக்கறேன்."

பனி விலகியது. எதிரே கொள்ளுக்காடு முழுக்க சாம்பல் வாத்துகள்... தலையில் இரண்டிரண்டு கறுப்புக் கோடு. பத்மா பைனாகுலரை முதலில் எனக்குத்தான் நீட்டினாள்.

நான் பார்த்தது என்ன? விளைந்த கொள்ளுச் செடியை மேய்கிறதைப் பார்த்தேன். ஹனூர்ப் பக்கம் குருவி விரட்டிக் காடு காத்த வீட்டில் பிறந்தவள் நான். கை தானாகத் தட்டிவிட்டது. "ஹேய்... ஹோய்!" என்று கத்தியும் விட்டேன்.

மொத்தமும் எழும்பிப் போய்விட்டது.

காட்டுக்காரர் ஓடிவந்தார். நல்ல வேலை செய்தீங்கம்மா என்று கன்னடத்தில் சொல்லி, என் மடியில் அவரைக்காயை அள்ளிப் போட்டார். பத்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"பட்டிக்காடு! இனி இந்தப் பக்கம் வரவே வராது. எல்லாம் உன்னாலதான்."

பஸ் ஏறித் திரும்பினோம். இறங்கும்போது அவரைக்காயில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

பிறகு தெரு முழுக்கச் சொன்னாள். நான் வேலை செய்த வீட்டம்மா கூட என்னைப் பார்த்துக் கை தட்டிச் சிரித்தார்கள். அப்போதுதான் அந்த வாசப்படிச் சபதம்.

அதன்பின் தேவராஜ மார்க்கெட்டில் எத்தனையோ தடவை எதிரெதிரே... அவள் வெற்றிலைக் கடைப் பக்கம் திரும்புவாள், நான் பூக்கடைப் பக்கம்.

ஒன்று மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அடுத்த மார்கழியில் அதே முதல் பஸ்ஸில் தனியாகப் போனேன். இரண்டு கையையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு அதே வரப்பில் உட்கார்ந்தேன்.

வந்தன. முந்தின வருஷத்தைவிட அதிகம்.

அன்றைக்கே அவளிடம் சொல்லியிருக்கலாம். அவள் முதலில் பேசட்டும் என்று இருந்துவிட்டேன். அவளும் அப்படித்தான் இருந்திருப்பாள், கழுதை...

மணி ஒன்பதேகால். செருப்பு மாட்டியாச்சு. படியேறிப் போய் அவள் காதில் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

வாத்து மறுபடியும் வந்துச்சுடி, பத்மா. நீ போய்ட்டு வா.